சுவைத்தவர் யார், காய்ச்சியவர் யார்?

பியரைச் சுவைத்துப் புள்ளியிடுவது இன்று ஒரு கலையாக, ஏன், ஒரு சாத்திரமாகவே வளர்ந்துவிட்டது. சிறிய ஆலைகளிலே கைப்பக்குவத்தோடு ஆக்கப்பெறும் பியர் வகைகளை மேசையிலே வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் முகர்ந்து, வெளிச்சத்திலே நிறம் பார்த்து, நாவிலே உருட்டி, ஐம்பதுக்கு இத்தனை என்று விதிக்கும் நடுவர்கள் பல நாடுகளிலும் தோன்றியுள்ளனர். 1985இல் அமெரிக்காவிலே தொடங்கப்பெற்ற பியர் நடுவர் சான்றிதழ்த் திட்டம் இதற்கென ஒரு படிவத்தை வகுத்திருக்கின்றது. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயிலே தரும் உணர்வுக்கு 5, முழுமையான மதிப்பீட்டுக்கு 10 என்பது அதன் புள்ளித்திட்டம். விடைத்தாள்களோடு வாழ்நாளைக் கழிக்கும் நமக்குப் புள்ளித்திட்டம் புதிய பொருளன்று. வினாத்தாளிலே கேட்கப்படாத வினாவுக்கு எவ்வளவு சிறந்த மாணவனும் விடை எழுதமாட்டான் என்பதும் நாம் அறிந்ததே. அந்தப் பியரைக் காய்ச்சியவன் என்ன கூலி பெற்றான், அதன் விலை எளியவனுக்கு எட்டுமா என்ற வினாக்கள் இந்த ஐம்பது புள்ளிகளுக்குள் இல்லை. ஒரு காலத்தில் இவற்றுள் ஒன்றாவது இருந்தது. அது எப்படி மறைந்தது என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் பொருள்.

மதுவைப் பற்றி ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுதுவதா என்று முகஞ்சுளிக்கும் நண்பர்கள் இருக்கலாம். தவறணை வாசலிலே ஒரு குடும்பத்தின் நாட்கூலி கரைவதைக் கண்டவர்கள் நாம்; குடியைப் போற்ற எமக்கு மனமில்லை. ஆனால், மனிதன் உண்டதையும் உடுத்ததையும் குடித்ததையும் ஒதுக்கிவிட்டு மன்னர்களின் பட்டாபிஷேகத்தை மட்டும் வரலாறு என்று கற்பித்த காலம் போதும்.

பியரின் அடிப்படை எளிது. வாற்கோதுமையை நனைத்து முளைக்கவைத்து, உலர்த்தி இடித்து, வெந்நீரிலே ஊறவைத்தால், முளைத்த தானியத்திலுள்ள நொதியங்கள் மாப்பொருளை வெல்லமாக மாற்றுகின்றன. வடித்தெடுத்த அந்த இனிய சாற்றை மதுவம் மதுசாரமாக்குகின்றது. இந்த நுட்பம் ஐரோப்பியரின் தனிச்சொத்தன்று. அரிசிக்கூழிலே நெல்முளையைக் கலந்து சாடியிலிட்டு நொதிக்கவைக்கும் முறையைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகின்றது. தோப்பி என்ற நெற்கள்ளைச் சங்கச் சான்றோர் நன்கு அறிந்திருந்தனர். பாபிலோனியாவிலோ பியர் அரசின் சட்டத்துக்குட்பட்ட பொருளாக இருந்தது. கி.மு. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹம்முராபியின் சட்டத்திலே, பியரின் விலையாகத் தானியத்தை ஏற்க மறுத்துப் பெரிய எடையால் வெள்ளியை வாங்கும், அல்லது அளவைக் குறைத்து ஊற்றும் தவறணைக்காரி நீரிலே எறியப்படுவாள் என்று காணப்படுகின்றது. தண்டனை கொடியதுதான். ஆயினும் அச்சட்டம் எதைக் காக்க முயன்றது என்பதைக் கவனிக்க வேண்டும். வெள்ளி இல்லாதவன், தானியம் மட்டுமே கையிலுள்ளவன், ஏமாற்றப்படலாகாது என்பதே அதன் கருத்து. தவறணைக்காரி என்று பெண்பாலிலே சொல்லியிருப்பதையும் மனத்திற் கொள்வோம்.

சுவைத்தல் ஒரு பொதுப்பணியாக நன்கு அமைந்தது இடைக்கால இங்கிலாந்திலேயே. அங்கே அன்று குடிக்கப்பட்டது ஹொப் பூச் சேராத ‘ஏல்’. அது சில நாட்களிலே புளித்துவிடும். தொலைவுக்குக் கொண்டுசெல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு ஊரிலும், ஏறக்குறைய ஒவ்வொரு தெருவிலும், வீட்டு அடுக்களையிலேயே அது ஆக்கப்பட்டது. முதல் வடிப்பு விற்பனைக்கு; அதே முளைத்தானியத்தின்மேல் மீண்டும் நீரூற்றி எடுத்த மெல்லிய வடிப்பு பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும். உழவனுக்கு அது களிப்புக்கான மதுவாக மட்டும் இருக்கவில்லை. பாணைப் போல அதுவும் உணவே. எனவேதான் மூன்றாம் ஹென்றி மன்னன் காலத்தில், 1266–67 அளவில், பாணுக்கும் ஏலுக்கும் ஒருசேர விலைச்சட்டம் பிறந்தது. தானியத்தின் விலை ஏறினால் ஏலின் விலை இவ்வளவு ஏறலாம், இறங்கினால் இவ்வளவு இறங்க வேண்டும் என்று அது வரையறுத்தது.

சட்டத்தை ஏட்டிலே எழுதிவிடலாம். ஊரிலே நடத்துவது யார்? அதற்காக நியமிக்கப்பட்டவனே ஏல் சுவைஞன். அவன் சத்தியப்பிரமாணம் செய்து பதவியேற்பான். ஒரு வீட்டிலே ஏல் ஆயத்தமானதும் வாசலிலே ஒரு கம்பை நாட்டி அதன் நுனியிலே குழை கட்டுவார்கள். அதைக் கண்டு சுவைஞன் வந்து பருகிப் பார்ப்பான். தரம் சரியானால் சட்டவிலைக்கு விற்கலாம். நீர்த்திருந்தால் விலை குறைக்கப்படும். கெட்டிருந்தால் விற்பனையே இல்லை. அளவுப் பாத்திரத்தையும் அவன் சோதிப்பான். தோற்காற்சட்டை அணிந்த சுவைஞன் ஏலை ஊற்றிய பலகையிலே அரைமணி நேரம் உட்கார்ந்து, எழும்போது சட்டை ஒட்டுகின்றதா என்று பார்ப்பானாம் என்றொரு கதை நூல்தோறும் வருகின்றது. இது பிற்காலத்தார் சுவைக்காகச் சேர்த்த கட்டுக்கதையாகவே தோன்றுகின்றது. நாவிருக்கக் காற்சட்டையின் சாட்சியம் எதற்கு? ஸ்ற்றற்வேட் நகரத்திலே 1556இல் இப்பதவிக்கு நியமனம் பெற்றவர்களுள் ஒருவர் ஜோன் ஷேக்ஸ்பியர். மகன் வில்லியம் பிறப்பதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பு அது நடந்தது. கடமைக்குரிய மன்ற அமர்வுகளுக்கு வராமைக்காக மறு ஆண்டிலே அவரே தண்டம் கட்ட நேர்ந்தது.

இந்த அமைப்பைப் பொற்காலமாகப் பாடிவிடக்கூடாது. தண்டப்பணம் நிலப்பிரபுவின் மன்றத்துக்கே போய்ச் சேர்ந்தது. பல ஊர்களிலே, குற்றம் செய்தவர் செய்யாதவர் என்ற வேறுபாடின்றி, ஏல் காய்ச்சிய அனைவரிடமும் அது தவணைதோறும் அறவிடப்பட்டது. பெயர் தண்டம், உண்மையில் அது வரி. ஆயினும், மதுவின் சுவையைத் தீர்ப்பவன் குடிப்பவர்களின் சார்பிலே, விலையையும் அளவையும் சேர்த்துத் தீர்த்தான் என்பது உண்மை. அந்த ஒரு கூறுக்காகவே அந்தப் பதவியை நாம் நினைவிற் கொள்கின்றோம்.

அன்று காய்ச்சியவர்கள் பெரும்பாலும் பெண்களே. வரலாற்றாசிரியை ஜூடித் பெனற் மன்றப் பதிவேடுகளை ஆராய்ந்து 1996இல் வெளியிட்ட நூலிலே இதனை நிறுவியிருக்கின்றார். மனைவியர், விதவையர், மணமாகாத பெண்கள் எனப் பலரும், பெரிய முதலில்லாமல், வீட்டு வேலைகளுக்கிடையே செய்யக்கூடிய தொழிலாக அது இருந்தது. மொழியிலும் அதற்குச் சான்று உண்டு. ஆங்கிலத்திலே ‘புரூவர்’ என்பது ஆண்பால், ‘புரூஸ்ரர்’ என்பது பெண்பால். விகுதி வேற்றுமை இருந்தது. இன்று ‘புரூஸ்ரர்’ என்பது பெரும்பாலும் குடும்பப் பெயராகவே எஞ்சியிருக்கின்றது. தொழில் போனபின் சொல் மட்டும் தங்கிவிட்டது.

தொழில் எப்படிப் போயிற்று? 1348–49 கொள்ளைநோய்க்குப் பின் உயிர்பிழைத்த உழைப்பாளரின் கூலி உயர்ந்தது. ஏலின் தேவை பெருகியது. அது இலாபந்தரும் வாணிகமாயிற்று. பின்னர் நெதர்லாந்துப் பகுதிகளிலிருந்து ஹொப் சேர்த்த பியர் வந்தது. ஹொப் கசப்பை மட்டும் தரவில்லை. பானம் கெடாமலும் காத்தது. கெடாத பொருளைச் சேமிக்கலாம், கப்பலேற்றலாம், படைகளுக்கு ஒப்பந்தத்திலே விற்கலாம். அதற்குப் பெரிய கொப்பரையும் கடனும் கூலியாட்களும் வேண்டும். மணமான பெண் தன் பெயரில் ஒப்பந்தம் செய்ய இயலாத சட்டத்தின்கீழ் இவையெல்லாம் யார் கைக்குப் போகும் என்று விளக்க வேண்டியதில்லை. 1600ஆம் ஆண்டளவில் நகரங்களிலே பியர்த்தொழில் ஆண்களின் தொழிலாகிவிட்டது. இதே காலப்பகுதியிலே ஏல் விற்கும் கிழவியைச் சூனியக்காரியாகவும் ஏமாற்றுக்காரியாகவும் சித்திரிக்கும் ஏளனப் பாட்டுகளும் பெருகின. ஒருவரின் பிழைப்பைப் பறிக்குமுன் அவரது பெயரைக் கெடுப்பது பழைய வழக்கமே.

18ஆம் நூற்றாண்டின் இலண்டனிலே இந்தப் போக்கு முழுவடிவம் பெற்றது. சுமைதூக்கும் தொழிலாளர் விரும்பிக் குடித்தமையால் ‘போட்டர்’ என்று பெயர்பெற்ற கரும்பியர், மாதக்கணக்கிலே பெருந்தொட்டிகளில் பதப்படுத்தப்பட்டது. எவ்வளவு பெரிய தொட்டியோ அவ்வளவு இலாபம். 1785இல் விற்பிரெட் ஆலையிலே ஜேம்ஸ் வாற்றின் நீராவி எந்திரம் வந்தது; இரண்டாண்டுகளில் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரே அதைக் காண வந்தார். வெப்பமானியும் நீர்மானியும் ஆலைக்குள் நுழைந்தன. ஊராரின் சார்பிலே நின்ற சுவைஞனுக்கு அங்கே வேலையில்லை.

1814 ஒக்டோபர் 17ஆந் திகதி, சென் ஜைல்ஸ் என்னும் ஏழைக் குடியிருப்பை அடுத்திருந்த மியூ கம்பனியின் ஆலையிலே 22 அடி உயரத் தொட்டி ஒன்று வெடித்தது. வெடிப்பதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு முன்பே அதன் இரும்பு வளையமொன்று கழன்று விழுந்திருந்தது. அது முன்னரும் நடந்ததுதான், ஆபத்தில்லை என்று கருதப்பட்டது. ஆலைச்சுவரை உடைத்துக்கொண்டு பாய்ந்த பியர் வெள்ளம் எட்டு உயிர்களைக் கொண்டுபோயிற்று. இறந்தோர் யாவரும் பெண்களும் பிள்ளைகளுமே. அவர்களுள் ஐவர், நிலவறை ஒன்றிலே இரண்டு வயதுக் குழந்தையின் சாவீட்டுக்குக் கூடியிருந்த ஐரிஷ் ஏழைகள். விசாரணை மன்றம் அதை எதிர்பாராத விபத்து என்று தீர்த்தது. கம்பனி, சிந்திய பியருக்கு முன்னமே செலுத்திய வரியைப் பாராளுமன்றத்திடம் முறையிட்டுத் திரும்பப் பெற்றது. தெருவெல்லாம் ஏழைகள் மண்டியிட்டுப் பியரை அள்ளிக் குடித்து மயங்கினர் என்று இன்றும் சிரித்துக்கொண்டு எழுதுகின்றார்கள். அக்காலப் பத்திரிகைகளிலே அப்படியொரு செய்தி இல்லை. மீட்புப் பணியாளர் இடிபாட்டினுள் முனகல் கேட்குமோ என்று செவிகொடுக்கும்படியாகக் கூட்டம் அமைதி காத்தது என்றே காண்கின்றோம்.

சுவையின் தீர்ப்பு பின்னர் ஆய்வுகூடத்துக்குப் போயிற்று. 1876இல் பாஸ்ரர் பியரைப் பற்றிய ஆய்வுநூலை வெளியிட்டார். 1883இல் கோப்பன்ஹேகனின் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்திலே ஹான்சன் தூய மதுவத்தைத் தனியே வளர்த்தார். நம் மாணவர்க்கு மிகவும் சுவையான கதை டப்ளினிலே நடந்தது. கின்னஸ் ஆலையிலே 1899இல் வேலைக்குச் சேர்ந்த வில்லியம் கொசெற் என்ற இளைஞர், நாலைந்து மாதிரிகளைச் சோதித்து முழு விளைச்சலின் தரத்தையும் தீர்ப்பது எவ்வளவு நம்பத்தக்கது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். அதற்கு அவர் கண்ட விடை 1908இல் வெளியாயிற்று. இன்று புள்ளிவிபரவியல் கற்கும் எவரும் தப்பமுடியாத ‘ரி’ பரம்பல் அதுவே. ஆனால், கட்டுரையிலே அவர் பெயர் இல்லை. ஊழியர் தம் பெயரில் ஆய்வு வெளியிடக் கம்பனி இடங்கொடாமையால் அவர் ‘ஸ்ரூடன்ற்’, அதாவது மாணவன், என்று புனைபெயர் இட்டுக்கொண்டார். காய்ச்சியவளின் பெயர் மறைந்ததுபோலவே கணித்தவரின் பெயரும் மறைந்தது. அறிவும் கம்பனியின் உடைமை.

நம் நாட்டுக்கும் இந்த வரலாற்றிலே ஓர் ஏடு உண்டு. 1840களின் இறுதியிலே நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நாட்ட முனைந்த சாமுவேல் பேக்கர், கருமானையும் மாடுகளையும் வேட்டைநாய்களையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர். அங்கே பியர்காய்ச்சலும் அவரது முயற்சியோடு தொடங்கிற்று. 1881இல் அம்மலையிலே நிலைபெற்ற சிலோன் புரூவரியின் கரும்பியரைப் பிற்காலத்திலே ஆங்கிலேய பியர் விமர்சகர் மைக்கேல் ஜாக்சன் மெச்சி எழுதி உலகறியச் செய்தார். பியர் வகைகளை நாடுதோறும் பகுத்துக் கூறிய அவரது நூல் 1977இல் வெளிவந்தது. அவர் கண்ட பியரின் பெயர் ‘லயன்’. ஆங்கிலத்திலே அது சிங்கம். மலைநாட்டுத் தமிழிலே லயன் என்றால், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகளிலே தோட்டத்தொழிலாளர் குடும்பங்கள் அடைந்துகிடந்த வரிசைவீடு. ஒரே மலையிலே இரண்டு லயன்கள். சுவைஞரின் குறிப்பேட்டிலே ஒன்றே இடம்பெற்றது. ஆலை 1990களின் இறுதியிலே பியகமவுக்கு இறங்கிவிட்டது.

இனி இன்றைய ‘கைவினைப் பியர்’ இயக்கத்துக்கு வருவோம். அது தோன்றிய சூழ்நிலை நமது அனுதாபத்துக்குரியது. அமெரிக்காவிலே 1920 முதல் 1933 வரை நிலவிய மதுவிலக்கும் அதன்பின் ஏகபோகக் கம்பனிகளின் விழுங்கலும் சேர்ந்து, 1970களின் இறுதியிலே அந்தப் பரந்த நாட்டில் நூற்றுக்கும் குறைவான ஆலைகளையே விட்டுவைத்தன. எங்கும் ஒரே வெளிறிய பானம். இங்கிலாந்திலும் இதே நிலைமைக்கெதிராக 1971இல் குடிப்போரே சங்கமமைத்துக் கிளர்ந்தனர்.

சன் பிரான்சிஸ்கோவின் அங்கர் ஆலை 1896 முதல் அப்பெயர் தாங்கியது. ‘ஸ்ரீம் பியர்’ என்னும் அதன் பானம், தங்கவேட்டைக் காலத்துக் கலிபோர்னியாவின் உழைப்பாளர் குடித்த மலிவுப் பானத்தின் எஞ்சிய வாரிசு. குளிரிலே வேலைசெய்யும் மதுவத்தை, பனிக்கட்டி இல்லாக் குறையால், அகன்ற ஆழமற்ற தொட்டிகளிலே வெப்பநிலையைத் தணித்து நொதிக்கவைத்த தொழிலாளர் சூழ்ச்சி அது. 1965இல் மூடப்படும் தறுவாயிலிருந்த அந்த ஆலையின் பெரும்பங்கை, சலவை எந்திரக் கம்பனிக் குடும்பத்துப் பிள்ளையான பிரிற்ஸ் மேற்றாக் வாங்கினார். பழைய முறையைக் கைவிடாமல் தூய்மையைப் புகுத்தினார். 1975இல் அவர் ஆக்கிய ‘லிபேட்டி ஏல்’ மணமிக்க காஸ்கேட் ஹொப்பை அறிமுகஞ்செய்தது. அதன்பின் வந்த சிற்றாலைகள் பலவற்றுக்கும் அதுவே முன்மாதிரி. 1978 ஒக்டோபரிலே ஜனாதிபதி காட்டர் கையொப்பமிட்ட சட்டம் வீட்டிலே பியர் காய்ச்சுவதற்கும் வழிதிறந்தது. அடுக்களையிலிருந்து பறிக்கப்பட்ட தொழில், நானூறு ஆண்டுகளின் பின், பொழுதுபோக்காக அடுக்களைக்குத் திரும்பியது. இம்முறை அங்கே பெரும்பாலும் நின்றவர்கள் ஆண்கள்.

2020களின் தொடக்கத்திலே அமெரிக்காவின் ஆலைகள் ஒன்பதாயிரத்தைத் தாண்டின. ‘சிறியது’ என்பதன் வரைவிலக்கணமும் வளர்ந்தது. ஆண்டுக்கு 20 இலட்சம் பீப்பாய் என்றிருந்த எல்லையை, உறுப்பினரான பெரிய ஆலையொன்று நெருங்கியபோது, உற்பத்தியாளர் சங்கம் 60 இலட்சமாக உயர்த்திவிட்டது. குடிப்போர் தாமே புள்ளியிட்டு வந்த ‘றேற்பியர்’ இணையத்தளத்திலே, உலகின் மிகப்பெரிய பியர்க் கம்பனி 2016இல் பங்கு வாங்கிற்று. 2019இல் முழுவதையும் வாங்கிற்று. பரீட்சார்த்தியே பரீட்சைத் திணைக்களத்தை வாங்கிவிட்டான் என்றால் நமக்குச் சட்டெனப் புரியும். அத்தளம் 2025 பெப்ரவரியிலே மூடப்பட்டது.

அங்கர் ஆலையோ 2010இல் ஒருமுறை கைமாறி, 2017இல் யப்பானின் சப்போரோ கம்பனியைச் சேர்ந்தது. மலைபோல் உயர்ந்த வாடகை நிலவும் நகரத்திலே, அதன் புகழ்பெற்ற பியரைக் காய்ச்சியவர்கள் அதே நகரத்தில் குடியிருக்கக் கட்டாத கூலியே பெற்றனர். ‘கைவினை’ என்று பெருமையாகப் பேசப்பட்ட கைகள் இவையே. 2019 மார்ச்சிலே அவர்கள் 31க்கு 16 என்ற வாக்குகளால் துறைமுக, பண்டகசாலைத் தொழிலாளரின் சங்கத்திலே சேர்ந்தனர். 1934இல் இரு தொழிலாளரின் உயிரைப் பலிகொண்ட துறைமுகப் போராட்டத்திலும், நகரம் முழுவதையும் நிறுத்திய பொதுவேலைநிறுத்தத்திலும் பிறந்த சங்கம் அது. அதே ஆண்டு டிசம்பரிலே அங்கர் தொழிலாளரின் முதலாவது கூட்டு ஒப்பந்தம் நிறைவேறியது. அந்த ஆண்டு ஆலையின் பியரைச் சுவைத்துப் புள்ளியிட்டவர்களின் படிவங்களிலே ஹொப் மணமும் நுரையின் நிறமும் வழக்கம்போலப் பதிவாகியிருக்கும்.

2023 ஜூலையிலே, விற்பனை வீழ்ச்சியைக் காரணங்காட்டிச் சப்போரோ ஆலையை மூடுவதாக அறிவித்தது. ஏறக்குறைய அறுபது தொழிலாளர் வேலையிழந்தனர். அவர்கள் கலைந்துபோய்விடவில்லை. ஆலையைத் தாமே வாங்கிக் கூட்டுறவாக நடத்த அவகாசம் தரும்படி கம்பனிக்கு எழுதினர், நிதி திரட்டினர். தொட்டிகளின் வெப்பநிலையை அறிந்தவர்கள், மதுவத்தின் குணத்தை அறிந்தவர்கள், ஒவ்வொரு குழாயின் வளைவையும் அறிந்தவர்கள் அவர்களே. முதல் மட்டும் அவர்களிடம் இல்லை. 2024 மேயிலே ஆலையும் பெயரும் பழைய செய்முறைகளும், துருக்கியிலிருந்து குடியேறித் தயிர் உற்பத்தியிலே பெருஞ்செல்வராகிய ஹம்டி உலுக்காயாவுக்கு விற்கப்பட்டன.